முகம் வராது

"இது முதுகா, கொடியில தொங்கப் போட்ட ஈரச் சாக்கா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு பேன்சி ஸ்டோர் அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு டீச்சரால் தலையை மட்டும் திருப்ப முடியாது, உடம்பு மொத்தத்தையும் நாற்காலியோடு திருப்பிப் பார்த்துவிட்டு, யார் பெத்த பொண்ணோ, மேலே ஒரு துணியாவது போட்டு எடுத்திருக்கலாம் என்றார். நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, போன வியாழக்கிழமை வரைக்கும் வெறும் பச்சைச் சுவராக இருந்த இடத்தில், ஒரு ஆள் உயரத்துக்குப் பாதி அளவில் புதிதாக ஒரு பிளக்ஸ். முன்பு என்று ஒரு முதுகு, இன்று என்று ஒரு முதுகு, நடுவில் ஒரு சிவப்பு அம்புக்குறி, கீழே ஆறே வாரத்தில் என்று மஞ்சள் எழுத்து. நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்கு, பஸ்ஸில் யாரோ வாந்தி எடுத்த சீட்டில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, தெரிந்த பிறகு எழுந்திருக்கவும் கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருப்போமே, அந்த மாதிரி இருந்தது. சிந்துஜா உள்ளே வரலாம் என்று உதவிக்கு இருக்கும் ரோஸ்லின் பிசியோதெரபி அறைக் கதவிடுக்கிலிருந்து கூப்பிட்டாள். உள்ளே போகும்போது ஒரே ஒரு தடவை பார்த்தேன். இடது பக்கத்து முதுகு, பாதி திரும்பியது, கழுத்து முன்னால் நீண்டு, காதுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. தோளில் சிம்மீஸ் பட்டை. பட்டையில் ஒரு ஊக்கு.

ஊக்கு எல்லோரும்தான் குத்துகிறார்கள். திண்டுக்கல்லில் பட்டை அறுந்த சிம்மீஸ் என்னிடம் மட்டுமா இருக்கும். குதிகால் சுவரில், பின்பக்கம் சுவரில், தோள் சுவரில், தலை சுவரில், என்று ரோஸ்லின் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக ஒட்ட வைக்கிறேன், தலை மட்டும் ஒட்டாது, அதை ஒட்ட வைத்தால் இடுப்பு சுவரை விட்டு வந்துவிடும், இடுப்பைத் தள்ளினால் தலை வந்துவிடும், ஆறு வாரமாக இதே கதைதான். இந்தச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. எத்தனையோ பேர் பின்தலையை வைத்து வைத்து, தேங்காயெண்ணெயும் வேர்வையும் சேர்ந்து, தட்டு அளவுக்குக் கறுத்துப் பளபளக்கும் ஒரு வட்டம். என் தலை அந்த வட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரும், நான் உயரம், அதற்காக முதல் வாரத்தில் கடவுளுக்கு நன்றி சொன்னேன், ஆனால் இப்போது பார்த்தால் என் உயரத்திலும் மங்கலாக இன்னொரு வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது, அது என்னுடையது, வேறு யாரும் இந்த உயரத்துக்கு இங்கே வருவதில்லை. தாடையை உள்ளே தள்ளுங்கக்கா, ரெட்டைத் தாடை வரணும், என்கிறாள் ரோஸ்லின். தள்ளுகிறேன். தொண்டைக்குள் என் எச்சிலின் சத்தம் எனக்கே கேட்கிறது. பத்து எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, அந்தப் படம் எடுத்த நாள் ஒரு திங்கட்கிழமை, மூன்று, இந்த ரூமில்தான், அதோ அந்தக் கட்டம் போட்ட சுவருக்கு முன்னால், நான்கு, பிசியோ பார்க்கும் கலாவதி மேடம் சுடிதார் டாப்பைக் கழற்றச் சொன்னார், முதுகெலும்பு தெரிந்தால்தானே தங்கம் எது மேலே எது கீழேன்னு அளக்க முடியும் என்றார், ஐந்து, பைலுக்குத்தான், முகம் வராது என்றார், நான் சரி மேடம் என்றேன். ஆறை விட்டுவிட்டேன். எனக்கு வாயில் முதலில் வருவது சரி. கண்டக்டர் தப்பான டிக்கெட் கொடுத்தாலும் சரி. அம்மா என் தட்டில் மூன்றாவது கரண்டி சோறு போட்டாலும் சரி. மேடம் போனைத் தூக்கிப் பிடித்து, மூச்சை நார்மலா விடு, எப்பவும் எப்படி நிப்பியோ அப்படி நில்லு என்றார், நான் எப்போதும் எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன். அன்று காலை அவசரத்தில் பட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, அம்மாவின் தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் குத்தினேன், அது பெரிய ஊக்கு, தலை கொஞ்சம் வளைந்தது. வெளியே சுவரில் இருப்பதும் பெரிய ஊக்கு. தலை வளைந்திருந்ததா என்று பார்க்கவில்லை. பார்த்தேன். வளைந்திருந்தது.

பாயில் படுக்க வேண்டும் அடுத்து. நீல ரெக்ஸின் பாய், எப்போது தொட்டாலும் இதற்கு முன் படுத்தவரின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். ரோஸ்லின் டெட்டால் தெளித்துத் துடைப்பாள், துடைத்தாலும் மடிப்புகளில் நரை முடி ஒன்று, மருதாணி போட்ட செம்பட்டை முடி ஒன்று, யாருடைய தோளிலிருந்தோ உரிந்த வலி பிளாஸ்திரியின் ஓரம். அதனால்தான் நான் வீட்டிலிருந்து துண்டு கொண்டு வருகிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் துண்டு பயிற்சிக்கு. நீளவாக்கில் சுருட்டி முதுகெலும்புக்குக் கீழே வைத்து, இரண்டு கையையும் விரித்துப் படுக்க வேண்டும், எட்டு நிமிஷம், தோள்கள் தானாக இரண்டு பக்கமும் இறங்கும், மார்பு விரியும். மார்பு விரிகிறது என்று மேடம் வாய் கூசாமல் சொல்வார். முதல் நாள் நான் கையை விரிக்கவில்லை, குறுக்கே வைத்துக்கொண்டேன், மேடம் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பிரித்து, கறிக்கடையில் கோழியை மல்லாத்துகிற மாதிரி பாயில் வைத்து அழுத்தினார். அவருடைய கை கெட்டது இல்லை, சூடான, தெளிவான கை, எங்கே முடிச்சு இருக்கிறதோ அங்கேயே நேராகப் போய் நிற்கும், அந்தக் கை பட்டுத்தான் ஆறு மாசமாக மரத்துப்போயிருந்த என் வலது கை விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது, இதையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அவர் எனக்கு விளக்கியது இது: "முன்னாடி இருக்குற சதை சுருங்கிச் சுருங்கி முதலாளி ஆயிருச்சு தங்கம், பின்னாடி இருக்குறது அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போயிப் போயி வேலைக்காரனா தளந்துருச்சு. முதலாளியத் தளத்தணும், வேலைக்காரனுக்குச் சோறு போடணும், அவ்வளவுதான்." நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் பாத்ரூமில் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், கை எட்டுகிற வரைக்கும்.

எப்போது சுருங்க ஆரம்பித்தது என்று மேடம் கேட்டார், தெரியவில்லை என்றேன். தெரியும். எட்டாம் வகுப்பு, ஜூன் மாசம், லீவு முடிந்து போன முதல் நாள் பிரேயரில் வரிசையில் நான்தான் கடைசி, எல்லோரையும் விட உயரம், உயரம் மட்டும் இல்லை, புதுசாக இன்னொன்றும் வந்திருந்தது, பீட்டி சார் விசில் ஊதி நெஞ்சை நிமித்து என்றார், நிமிர்த்தினேன், பக்கத்து வரிசையில் பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்று மத்தியானமே ஸ்கூல் பையை முதுகிலிருந்து முன்னால் மாற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம் ரெக்கார்ட் நோட்டு, அப்புறம் காலேஜில் பைல், அப்புறம் லேப்டாப் பை, பத்து வருஷமாக எதையாவது முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன், எதுவும் இல்லாவிட்டால் என் தோளையே எடுத்து முன்னால் மூடிக்கொண்டேன். பெரியப்பா வீட்டில் என்னைப் பெருமையாகச் சொல்வார்கள், குனிஞ்ச தலை நிமிராது எங்க சிந்துஜா என்று. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். சொல்லச் சொல்ல நான் இன்னும் கொஞ்சம் குனிவேன், கொடுத்த பேரைக் காப்பாற்ற வேண்டுமே. எம்எஸ்ஸி முடித்து, விரல் மரத்து, பேனா கையிலிருந்து நழுவி விழ ஆரம்பித்ததும் அதே பெரியப்பாதான், ஏம்மா பொண்ணு கூன் போட்டு நடக்குது, கவனிக்கலையா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அன்றிலிருந்து ஆள்காட்டி விரலால் என் நடுமுதுகில் குத்துவாள், சாப்பிடும்போது, கோயில் வரிசையில், கோலம் போடும்போது கூட. குத்தினால் நிமிர்வேன். விரலை எடுத்தால் மடிவேன். என் முதுகில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது பார்க்கலாம், பெரிய அளவில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், பள்ளம் இருக்கிறதா என்று பேன்சி ஸ்டோர் அக்கா எனக்குச் சொல்லலாம். ஈரச் சாக்கு. இன்று ஒரு நாளில் எத்தனை பேர் அந்தச் சுவருக்குக் கீழே செருப்பைக் கழற்றியிருப்பார்கள். எத்தனை பேர் குனிந்து, நிமிரும்போது, என் முதுகு மச்சத்துக்கு நேராக முகத்தை வைத்திருப்பார்கள். அடுத்த மாசம் பாலிடெக்னிக்கில் லெக்சரராகச் சேர வேண்டும், முப்பது நாற்பது பையன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுத வேண்டும், அதில் ஒருவனுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் போதும், அவன் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். முகம் வராது. எனக்கு முகம் எங்கே இருந்தது, யாரும் என் முகத்தைப் பார்த்ததே இல்லை, நான்தான் காட்டியதே இல்லையே, என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்தது முதுகை வைத்துத்தான்.

அந்தப் படத்தை எடுத்துடுங்க மேடம். இதைத்தான் சொல்ல வேண்டும். ஆறு சொல் கூட இல்லை. மேடம், அந்தப் படத்தை எடுத்துடுங்க. மேடம் என்று ஆரம்பித்தால் அடுத்த சொல்லுக்கு முன் அவர் சொல்லு தங்கம் என்பார், அந்தத் தங்கத்தில் நான் ஒண்ணுமில்ல மேடம் என்றுவிடுவேன். மேடத்தைக் கடைசியில் வைத்துச் சொல்ல வேண்டும். எட்டு நிமிஷம் ஆச்சுக்கா என்றாள் ரோஸ்லின். எழுந்து உட்கார்ந்தேன், துண்டை உதறினேன், அதில் என்னுடையதல்லாத ஒரு முடி. ஜன்னல் கம்பியில் பச்சை ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தாள். இதைப் பின்னால் இழுக்கும்போது தோளைக் காதுக்குத் தூக்கிவிடுகிறேனாம், எப்போதும் இதே தப்பு, பாருங்க என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்று அவளே இழுத்துக் காட்டினாள். ரோஸ்லினுக்கு இருபது வயதுகூட இருக்காது, நத்தம் பக்கம், வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் வருகிறாள். சின்ன வயதிலிருந்து மாங்காய்க் கூடையைத் தலையில் வைத்துத் தோப்புக்கும் ரோட்டுக்கும் நடந்தவள் என்று ஒரு நாள் சொன்னாள். அவளுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை, அந்த முதுகு நூல் பிடித்த மாதிரி இருக்கும். பட்டையை இழுத்தபோது சட்டைக் கை மேலே ஏறி, இடது முழங்கைக்கு மேலே பழைய தீப்புண் தழும்பு ஒன்று தெரிந்தது, மாவிலை மாதிரி நீளமாக. எனக்கு மறுபடி அந்தப் பஸ் சீட் ஞாபகம் வந்தது. சிவப்பு அம்புக்குறிக்கு வலது பக்கம், இன்று என்ற எழுத்துக்குக் கீழே நிமிர்ந்து நிற்கிறவளின் முழங்கைக்கு மேலே அந்த மாவிலை இருந்தது. அப்படியென்றால் நான் குணமாகிவிட்டேன். ரோஸ்லினாகக் குணமாகிவிட்டேன். நான் இங்கே இன்னும் சுவரில் தலை ஒட்டாமல் நின்றுகொண்டிருக்க, வெளியே ஆறே வாரத்தில் எனக்கு நத்தம் மாந்தோப்பின் முதுகு முளைத்துவிட்டது.

"ரோஸ்லின், வெளிய நேரா நிக்கிறது நீதான?"

அவள் பட்டையை விடவில்லை, மெதுவாகத் தளர்த்தினாள். கதவைப் பார்த்தாள். மேடம் பக்கத்து அறையில் உருகிய மெழுகுச் சட்டியில் வலிக்காக யாருடைய கையையோ முக்கி எடுத்துக்கொண்டிருந்தார், அந்த மெழுகின் நாற்றம், பழைய தோலும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி ஒன்று, திரைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது.

"முகம் வராதுன்னாங்கக்கா" என்றாள்.

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க."

"நீங்கன்னு தெரியும். காலைல ஒட்டுனதே நான்தான். ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டுனேன். சுத்தி டேப்பு, இடது பக்கக் கீழ் மூலை மட்டும் நிக்கவே இல்ல, மேடம் கம் வெச்சு ஒட்டுன்னாங்க." பட்டையை என் கையில் கொடுத்தாள். இழுங்க, யாராச்சும் பாப்பாங்க என்றாள். இழுத்தேன். தோள் காதுக்குப் போனது, அவள் ஒரு விரலை வைத்து அதைக் கீழே இறக்கினாள், அம்மாவைப் போல் குத்தவில்லை, சும்மா வைத்தாள். அவளுடைய அண்ணன் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வருவானாம், வாசலோடு நின்று போன் பண்ணுவான், இன்றைக்கு மழை வந்தால் உள்ளே வந்து உட்காருவான், தழும்பைப் பார்த்தால் முடிந்தது, அடுப்பில் சின்ன வயதில் அவளைத் தள்ளிவிட்டதே அவன்தான். "நான் சொன்னா நாளைக்கி என் எடத்துல வேற ஆளு நிக்கும்க்கா. நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவங்க." பன்னிரண்டு தடவை இழுக்க வேண்டும், மூன்று சுற்று. நான் எத்தனை இழுத்தேன் என்று தெரியாது. படித்தவர்கள் சொல்வார்கள் என்று யார் இவளுக்குச் சொன்னது. பதினேழு வருஷம் படித்திருக்கிறேன், ஒரு தடவை கூடக் கை தூக்கி சார் புரியவில்லை என்று சொன்னதில்லை, புரியாமலே எல்லாவற்றிலும் பாஸாகியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் நான் தெரிந்தேன். சொல்கிற ஆளின் உருவம் இப்படி இருக்காது. இந்த உருவத்தை எனக்கே பிடிக்கவில்லை, அந்தக் கழுத்து, தின்ன எதையோ தேடி ஆமை ஓட்டிலிருந்து வெளியே வருகிற மாதிரி நீண்ட கழுத்து, பேன்சி ஸ்டோர் அக்கா சொன்னதில் என்ன தப்பு, சாக்குதான், நனைந்த சாக்கு, யாரும் எதையும் அதன் மேல் போடலாம்.

கடைசியில் சுவரில் கையை ஏற்ற வேண்டும். முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையும் புறங்கை சுவரில் பட, மெதுவாக மேலே. இடது கை போய்விடும். வலது கை காதுக்கு வந்ததும் தோளுக்குள் ஒரு கம்பி இழுக்கும், அங்கேயே நின்றுவிடும். முதல் வாரம் காதுக்குக் கீழே, இன்றைக்குக் காதுக்கு மேலே நாலு விரல். ரோஸ்லின் பென்சிலால் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், குழந்தையின் உயரத்தைக் குறிக்கிற மாதிரி, தேதியோடு. மேடம் கை துடைத்துக்கொண்டே வந்தார், விரலிடுக்கில் வெள்ளை மெழுகு, கோட்டைப் பார்த்தார், அட, என்றார், உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், அவர் முகத்தில் பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கட்டை விரலை வைத்து அழுத்தினார். வலி முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு இளகி, முதுகு முழுக்க வெந்நீர் ஊற்றியது போல் இறங்கியது, என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சுகத்தின் சத்தம், ரோஸ்லின் முன்னால். என் உடம்புக்கு மானம் இல்லை. இதே முதுகைத்தான் இவர் அச்சடிக்கக் கொடுத்தார், இதே முதுகு இவர் விரலுக்குக் கீழே பூனை மாதிரி நெளிகிறது.

"எப்படி இருக்கு தங்கம் இப்ப?"

ரோஸ்லின் ரப்பர் பட்டையை அவிழ்க்காமல் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் படத்தை, என்று நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது, அந்தப், அந்த, எச்சிலின் சத்தம்.

"நல்லா இருக்கு மேடம்" என்றேன்.

வியாழக்கிழமை வா என்று சொல்லிவிட்டு மெழுகுக்குத் திரும்பிப் போனார். ரோஸ்லின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள், என்னைப் பார்க்கவில்லை. என் துண்டை மடித்துக் கொடுத்தாள், அப்போதும் பார்க்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பரவாயில்லை. துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அணைத்திருக்கிறேன் என்பது நாலாவது எட்டில்தான் தெரிந்தது, கையைப் பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன, புதிதாக வந்த ஒரு பெண் குழந்தைக்கு பிஸ்கெட்டை எச்சிலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், டீச்சர் கண்ணை மூடியிருந்தார், பேன்சி ஸ்டோர் அக்கா யாரிடமோ போனில் வளையல் சைஸ் சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டேகால், இரண்டரை இல்ல, இரண்டேகால். என் செருப்பு அவர்கள் செருப்புகளுக்கு அடியில் போய்விட்டிருந்தது. ஒன்றைக் காலால் இழுத்தேன். இன்னொன்றுக்குக் குனிய வேண்டும். குனிந்தால் சுவரில் இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றாகிவிடும், ஒரே சமயத்தில் பார்ப்பார்கள், இது அது என்று தெரிந்துவிடும். குனியாமல் ஒற்றைச் செருப்போடு எவ்வளவு தூரம் போகலாம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாமா. வெளியே தூறல் போட ஆரம்பித்தது. வாசல் தகரத்தில் சத்தம் கேட்டது. சாயங்காலம் வரைக்கும் பெய்யும் மழை இது, வானம் அப்படி இருந்தது. குழந்தை பிஸ்கெட் கையால் சுவரைக் காட்டி, உவ்வா என்றது. எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர்கூடக் கண்ணை மூடியபடியே.

துண்டைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். வலது கையைச் சுவரில் வைத்து ஏற்றினேன். காதுக்கு மேலே கம்பி இழுத்தது, நாலு விரல் தாண்டியது, மேல் மூலை விரலில் பட்டது. இழுத்தேன். டேப் பச்சைப் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது, நீளமாகக் கிழிகிற சத்தம், போனில் வளையல் சைஸ் நின்றுவிட்டது. இன்று வந்தது, அம்புக்குறி வந்தது, முன்பு முக்கால்வாசி வந்தது. இடது பக்கக் கீழ் மூலை வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை, பிளக்ஸ் என் மேலேயே கவிழ்ந்து தொங்கியது. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். மேடத்தின் அறைத் திரை விலகும் சத்தம் கேட்டது. பேன்சி ஸ்டோர் அக்கா என் முதுகைப் பார்த்தாள், தொங்கிய முதுகைப் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்காலை ஊன்றி எழுந்து நொண்டி நொண்டி வந்து, கீழ் மூலையில் நகத்தைக் கொடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.